இரண்டு யானைகளுக்கு நடுவே ஒரு பழங்கயிறு

வாசகர் கேள்வி:

"அம்மா, எனக்கு வயது 37. சொந்த ஊர் திருவாரூர் பக்கம். ஏழு வருடமாக சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறேன். ஏ.சி. டெக்னீசியனாக வந்தேன், இப்போது சூப்பர்வைசர். மனைவியும் ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஊரில் இருக்கிறார்கள். வீடு கட்டிய கடனில் நாலு லட்சம் பாக்கி. ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் புதுப்பிப்பதா, முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவதா என்று எட்டு மாதமாக முடிவெடுக்க முடியவில்லை. எக்செலில் இரண்டு பக்கத்துக்கும் காரணங்களை எழுதி வருகிறேன். 43 வரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வீடியோ காலில் பேசிவிட்டு, இரவு ராஜினாமா கடிதம் டைப் செய்கிறேன். சனிக்கிழமை காலை சைட்டுக்குப் போனதும் அழித்துவிடுகிறேன். போன மாதம் என் பெண் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் 'எங்க அப்பா போன்ல இருக்காரு' என்று சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது, நெஞ்செரிச்சல் வேறு. மச்சானிடம் சொன்னால் 'உணர்ச்சிவசப்படாதே, மூளையால யோசி' என்கிறார். யோசித்துப் பார்த்தால் இங்கே இருப்பதுதான் சரி என்று தெரிகிறது. ஆனால் மனசு கேட்கவில்லை. போன வருடம் கம்பெனியில் ஆள் குறைப்பு என்று ஒரு பேச்சு வந்தது. அன்று இரவு மட்டும் ஏனோ நன்றாகத் தூங்கினேன். நான் அறிவைக் கேட்பதா, மனசைக் கேட்பதா?"

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தையும் கூடவே அனுப்பியிருந்த பட்டியலையும் மூன்று முறை படித்தேன். கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்காமல் எந்தப் பதில் சொன்னாலும் அது அடுத்த வெள்ளிக்கிழமை வரைதான் தாங்கும்.

முதலில் ஒரு பாட்டு. நீங்கள் இன்று நிற்கிற இடத்தில் உங்களுக்கு வெகுகாலம் முன்பே ஒருவன் நின்றிருக்கிறான். நற்றிணையில் 284-வது பாடல், பாலைத் திணை. பொருள் தேடி வீட்டைவிட்டு வந்தவன், வந்த வேலை முடியாத நிலையில் தனக்குள் பேசிக்கொள்கிறான். அவன் நெஞ்சம் சொல்கிறது: உன் உள்ளத்தைக் கட்டிப்போட்டவளிடம் போவோம், அவள் படும் துன்பத்தைத் தீர்ப்போம். 'செல்லல் தீர்கம், செல்வாம்'. அறிவு மறுக்கிறது: எடுத்த வேலையை முடிக்காமல் விட்டால் அது அறியாமை, கூடவே இளிவும் வந்து சேரும், கொஞ்சம் பொறு, அவசரப்படாதே. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், இரண்டு யானைகள் எதிரெதிராகப் பற்றி இழுக்கிற, புரி தேய்ந்த பழைய கயிறு போல என் உடம்பு அழிந்துபோகுமோ என்று கேட்கிறான். 'வீவதுகொல் என் வருந்திய உடம்பே'. அந்தப் புலவருக்கு இந்த உவமையே பெயராகிவிட்டது. தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றுதான் அவரை நாம் அறிகிறோம்.

நெஞ்சமும் அறிவும் சண்டை போட்டால் அறுந்துபோவது உடம்பு என்று அவர் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் தூக்கமும் நெஞ்செரிச்சலும் அந்தக் கயிறுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பாட்டைப் பல வருடம் நானும் மற்றவர்கள் படிக்கிற மாதிரிதான் படித்தேன். ஒரு பக்கம் காதல், ஒரு பக்கம் புத்தி என்று. ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு நான் வந்து, மனம் இரண்டாகி என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை நாள்தோறும் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அறிவு என்ன பேசுகிறது என்பதை உற்றுப் பார்த்தேன். அறிவு கணக்கு எதுவும் சொல்லவில்லை. இவ்வளவு பொன் சேர்ந்தால் இத்தனை வருடம் வாழலாம் என்று அது பேசவே இல்லை. 'இளிவு தலைத்தரும்' என்கிறது. இளிவு என்றால் இகழ்ச்சி, மானக்கேடு. நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்களே என்கிற கூச்சம். அது அச்சு அசலான உணர்ச்சி அல்லவா? அறிவின் வாயில் வருவதால் அதற்கு உணர்ச்சியின் முகம் தெரியவில்லை, அவ்வளவுதான். உண்மையில் அந்த இரண்டு யானைகளும் ஒரே இனம். ஏக்கம் ஒரு பக்கம் இழுக்கிறது, அவமானத்தைப் பற்றிய பயம் இன்னொரு பக்கம் இழுக்கிறது.

இதையே தத்துவமாகச் சொன்னவர் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1711-ல் பிறந்தவர். அவரும் ஒரு காலத்தில் உங்களைப் போல முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதியவர்தான். வீட்டார் சட்டம் படிக்கச் சொன்னார்கள், அவருக்கு மனம் ஒட்டவில்லை. தத்துவம் என்று இறங்கினார், வெறியாகப் படித்தார், திடீரென்று ஒரு நாள் அந்த வேகமெல்லாம் அணைந்துபோயிற்று. உடம்பும் படுத்தியது. 1734-ல், இருபதுகளின் தொடக்கத்தில், தன் நிலைமையை எல்லாம் விவரித்து ஒரு மருத்துவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். புத்தகத்தை மூடிவிட்டு பிரிஸ்டல் நகரத்தில் ஒரு சர்க்கரை வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதம்தான் தாங்கியது. பிறகு பிரான்சுக்குப் போய் எழுத உட்கார்ந்தார். அப்படி எழுதிய 'மனித இயல்பு பற்றிய ஆய்வு' 1739-ல் அச்சில் வந்தபோது அவருக்கு 27 வயது. அதில்தான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது: அறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படி மட்டுமே அது இருக்கவும் வேண்டும்.

படித்தவுடன் கோபம் வருகிற வாக்கியம். மனம் போன போக்கில் போ என்று அவர் சொல்வதாகத் தோன்றும். அவர் சொன்னது வேறு. அறிவு இருப்பதை இருக்கிறபடி காட்டும், இதைச் செய்தால் இது நடக்கும் என்று சொல்லும். ஆனால் எது வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது, வேண்டும் என்று ஒன்று இல்லாமல் ஒரு விரலும் அசையாது. மழை வரும் என்று அறிவு சொல்கிறது. நனையக் கூடாது என்ற விருப்பம் இருப்பவன்தான் குடையை எடுக்கிறான். நனைய ஆசைப்படுகிற குழந்தைக்கும் அதே அறிவுதான், அது வாசலுக்கு ஓடுகிறது.

எனக்கு மிகவும் பயன்பட்டது அதற்கு அடுத்து அவர் சொல்வது. எல்லா உணர்ச்சியும் சத்தம் போடாது. சில உணர்ச்சிகள் அமைதியானவை. உடம்பில் படபடப்பு இருக்காது, கண் கலங்காது. அதனால் அவற்றை நாம் அறிவு என்று தப்பாக எண்ணிக்கொள்கிறோம் என்கிறார். அப்படிப்பட்ட அமைதியான உணர்ச்சிகளுக்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, குழந்தைகள் மீதுள்ள பரிவு.

இதைப் படிக்கும்போது உங்கள் பட்டியலை நினைத்துக்கொண்டேன். 'இருக்க வேண்டும்' பக்கத்தில் முதல் வரி 'பாப்பா படிப்பு'. 'போக வேண்டும்' பக்கத்திலும் முதல் வரி 'பாப்பா'. நீங்கள் தம்மாமில் இருப்பது உங்கள் அறிவினால் என்றும், ஊருக்கு வரத் துடிப்பது உணர்ச்சியினால் என்றும் உங்கள் மச்சான் பிரித்துவிட்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் நின்று சில்லர் பழுதுபார்க்க ஒரு மனிதனை ஏழு வருடம் எது நிற்க வைத்தது? கணக்கு அல்ல தம்பி. அந்தக் குழந்தை மீதும், வீடு என்று ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்பதன் மீதும் இருந்த பாசம்தான். அது பழகிப்போய், சத்தம் அடங்கி, கடமை என்று பெயர் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு வருகிறது பாருங்கள், அது அதே பாசத்தின் சத்தமான வடிவம்.

ஆக, அறிவைக் கேட்பதா மனசைக் கேட்பதா என்பதற்கு என் பதில்: இரண்டு பக்கமும் பேசுவது உங்கள் மனசுதான். எந்த மனசு என்ன சொல்கிறது என்று பிரித்துப் பார்க்கிற வேலைக்குத்தான் அறிவு வேண்டும். இதுவரை அதை அந்த வேலைக்கு நீங்கள் வைக்கவில்லை. 43 வரி எழுதும் குமாஸ்தாவாக மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பட்டியல் இன்னும் நூறு வரி நீண்டாலும் உங்களுக்கு முடிவைத் தராது. ஏன் என்று சொல்கிறேன். அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர் 1994-ல் எழுதிய நூலில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதியில் பாதிப்பு. அறிவுத்திறன் குறையவில்லை, நினைவும் பேச்சும் சரியாக இருந்தன, ஆனால் உணர்ச்சிகள் மங்கிவிட்டன. மூளையால மட்டும் யோசிக்கிற மனிதர் என்று சொல்லலாம். அடுத்த முறை எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு டமாசியோ இரண்டு தேதிகளைச் சொல்கிறார். அந்த மனிதர் டைரியை எடுத்துவைத்துக்கொண்டு இந்தத் தேதியில் வந்தால் இது, அந்தத் தேதியில் வந்தால் அது, வானிலை இப்படி, வேறு வேலை இப்படி என்று ஏறக்குறைய அரை மணி நேரம் காரணங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். முடிவு வரவில்லை. கடைசியில் டமாசியோ, இரண்டாவது தேதியில் வாருங்கள் என்றதும், சரி என்று டைரியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

உணர்ச்சி முடிவெடுக்க எப்படி உதவுகிறது என்று டமாசியோ கொடுத்த விளக்கம் முழுவதையும் எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. காரணங்கள் தங்களைத் தாங்களே எடை போட்டுக்கொள்ளாது. எந்தக் காரணம் கனமானது என்று சொல்வது உங்களுக்கு எது முக்கியம் என்கிற உணர்வு. உங்களுக்கு அந்த உணர்வு மங்கிவிடவில்லை, நிறையவே இருக்கிறது. அதைப் பட்டியலுக்குள் விடாமல் கதவை அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் அது வெள்ளிக்கிழமை இரவு சுவரேறிக் குதித்து வருகிறது.

இப்போது பட்டியலில் இல்லாத ஒரு வரிக்கு வருகிறேன். ஆள் குறைப்பு என்று பேச்சு வந்த இரவு நன்றாகத் தூங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். 'ஏனோ' என்று ஒரு சொல்லைப் போட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமான வரி அதுதான்.

அவசரமாகப் படிக்கிற ஒருவர், 'பார்த்தீர்களா, உங்கள் உள்மனசு ஊருக்கு வரத்தான் சொல்கிறது' என்று முடித்துவிடுவார். இருக்கலாம். ஆனால் இன்னொரு விதமாகவும் பாருங்கள். கம்பெனி அனுப்பிவிட்டால் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 'நல்ல வேலையை விட்டுட்டு வந்துட்டானாம்' என்று யாரும் சொல்ல முடியாது. மச்சான் கேட்க முடியாது. தெருவில் பார்ப்பவர்கள் 'எப்போ திரும்பிப் போறீங்க' என்று கேட்டால் தலை குனியாமல் பதில் சொல்லலாம். அந்த இரவில் இறங்கிய பாரம் வேலை போகுமோ என்கிற பயமாக இருந்திருக்க முடியாது. தானே முடிவெடுத்தவன் என்கிற பொறுப்பு இறங்கியிருக்கிறது. அந்தப் பாட்டுக்காரன் சொன்ன இளிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

இது எந்த அளவு உங்களுக்குப் பொருந்தும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் பொருந்துமானால், அதை எழுதுங்கள். 44-வது வரியாக, 'வேலையை விட்டு வந்தவன் என்று சொல்வார்களே என்று பயமாக இருக்கிறது' என்று நேராக எழுதுங்கள். அப்புறம் உங்கள் பட்டியலின் மற்ற வரிகளைப் பாருங்கள். 'ஊரில் மரியாதை இருக்காது', 'திறமை வீணாகும்', 'இரண்டு வருடம்தானே', 'எல்லாரும் இருக்கிறார்கள்' என்று ஏழெட்டு வரிகள் அந்த ஒரே பயத்தின் வேறு வேறு சட்டைகள் என்று எனக்குத் தோன்றியது. பயத்தை மதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் மத்தியில் தலை நிமிர்ந்து வாழ விரும்புவது நல்ல ஆசை. ஆனால் ஒரு ஓட்டு இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு எட்டு ஓட்டு விழுந்திருக்கிறது.

சரி, அறிவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம்முடைய குறளில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. 'சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்பது அறிவு.' மனம் போகிற இடத்துக்கெல்லாம் அதைப் போகவிடாமல், தீமையிலிருந்து விலக்கி, நல்லதன் பக்கம் செலுத்துவது அறிவு. இதற்கு உரை எழுதிய பரிமேலழகர், குதிரையை நிலம் அறிந்து செலுத்தும் வாதுவனை உவமையாகக் காட்டுகிறார். வாதுவன் என்றால் குதிரையை ஓட்டுகிறவன். ஓடுவது குதிரை, ஓட்டுகிறவன் நிலத்தை அறிந்தவன். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குதிரையை அவன் அடித்துக் கொல்வதில்லை, குதிரைக்குப் பதிலாகத் தானும் ஓடுவதில்லை.

உங்கள் நிலத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை தம்பி. ஒரு உதாரணம். வளைகுடாக் குடும்பங்கள் என்னிடம் நிறைய வருவதால் இது எனக்குத் தெரியும். சவூதி தொழிலாளர் சட்டப்படி பணிமுடிவுத் தொகை முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம். ஏழு வருடம் என்றால் நாலரை மாதச் சம்பளம் வரும். ஆனால் ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் நீங்களாக ராஜினாமா செய்தால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது மூன்று மாதச் சம்பளம். ஒப்பந்தக் காலம் முடிந்து, புதுப்பிக்காமல் வந்தால் முழுத் தொகை. வெள்ளிக்கிழமை இரவு நீங்கள் டைப் செய்கிற கடிதத்தின் விலை ஒன்றரை மாதச் சம்பளம். ஊருக்கு வருவதே முடிவு என்றாலும், ராஜினாமா வேண்டியதில்லை, புதுப்பிக்க விருப்பமில்லை என்று ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். உங்கள் விஷயத்தில் சரியான தொகை எவ்வளவு, கெடு எப்போது என்று கம்பெனியில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். 43 வரியில் இந்த ஒரு வரி இல்லை. போவதா இருப்பதா என்று சொல்ல அறிவால் முடியாமல் போகலாம். ஆனால் எப்படிப் போவது, எப்படி இருப்பது என்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

இன்னொன்று, 'ஊரில் வேலை கிடைக்காது' என்று 9-வது வரியில் எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் கேட்டீர்கள்? இதுவரை எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போட்டீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. ஏழு வருடம் பெரிய கட்டிடங்களின் குளிர்சாதன அமைப்பைப் பார்த்த ஒரு சூப்பர்வைசரை திருச்சி, கோவை, சென்னை மருத்துவமனைகளும் பெரிய கடைகளும் என்ன சம்பளத்துக்கு எடுப்பார்கள் என்பது கேட்டால் தெரிகிற விஷயம். சவூதிச் சம்பளம் வராது, அது நிச்சயம். ஆனால் எவ்வளவு குறையும் என்று தெரியாத வரை அது பயம். தெரிந்துவிட்டால் அது ஒரு எண். எண்ணோடு வாழ்ந்து பார்க்க முடியுமா என்று யோசிக்கலாம், பயத்தோடு முடியாது. ஹியூம் சொன்ன இன்னொரு விஷயம் இங்கே பொருந்தும். ஒரு உணர்ச்சி தவறான நம்பிக்கையின் மேல் நிற்குமானால், அந்த நம்பிக்கை தவறு என்று தெரிந்த கணமே அது அடங்கிவிடும் என்றார். கயிற்றைப் பாம்பு என்று எண்ணிப் பயந்தவன் விளக்கு வந்ததும் அமைதியாவதைப் போல. உங்கள் பயங்களில் எது பாம்பு, எது கயிறு என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள்.

அதே விளக்கை ஏக்கத்தின் பக்கமும் பிடிக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்து இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வெள்ளிக்கிழமை இரவு உங்களுக்குத் தோன்றுகிறது. திரும்பி வந்த பல அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் திருவிழா. அப்புறம்தான் தெரியும், அந்த வீடு அவர் இல்லாமலே நடக்கப் பழகியிருக்கிறது. ரேஷன் கடை, பால், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்ட மனைவிக்கு, நடுவில் ஒருவர் வந்து 'ஏன் இப்படிச் செய்யறே' என்று கேட்டால் சுருக்கென்று இருக்கும். போனில் கொஞ்சுகிற குழந்தை நேரில் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். இதெல்லாம் தீருகிற விஷயங்கள்தான், தீருவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதைத் தெரிந்துகொண்டு வருகிறவர் பொறுத்துப் போகிறார். தெரியாமல் வருகிறவர் மூன்றாம் மாதம் மறுபடி விசாவுக்கு அலைகிறார்.

அடுத்து, வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும். ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்கிற பொருளாதார அறிஞர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பசியில் இருக்கும்போது பசி இல்லாத நம்மை நமக்குத் தெரிவதில்லை, வயிறு நிறைந்திருக்கும்போது பசித்த நம்மைத் தெரிவதில்லை என்பது அவர் சொல்வதன் சாரம். பசியோடு கடைக்குப் போனால் கூடை நிரம்பி வழிவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனம் கொதித்திருக்கும்போது இந்தக் கொதிப்பு என்றைக்கும் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆறிய பிறகு, நேற்று கொதித்தவன் யாரோ ஒரு முட்டாள் என்று நினைக்கிறோம். உங்கள் சனிக்கிழமை மனிதன் வெள்ளிக்கிழமை மனிதனை அழிக்கிறான் என்றால் காரணம் இதுதான். சனிக்கிழமைக்காரன் அதிக அறிவாளி என்று எண்ணிவிடாதீர்கள். அவனைச் சுற்றி இரைச்சலும் வேலையும் சக ஆட்களும் இருக்கிறார்கள், வீடு தூரத்தில் இருக்கிறது. அவனுக்குத் தெரிவது பாதி. வெள்ளிக்கிழமைக்காரனுக்குத் தெரிவது மற்ற பாதி.

அதனால் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. இரண்டு நாளும் முடிவெடுக்காதீர்கள், ஆனால் இரண்டு நாளும் எழுதுங்கள். வெள்ளி இரவு ராஜினாமா கடிதத்துக்குப் பதிலாக, சனிக்கிழமை காலையில் படிக்கப்போகிற உங்களுக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். இப்போது என்ன வலிக்கிறது, எது வேண்டும் என்று. சனிக்கிழமை காலை அதற்கு ஒரு பதில் எழுதுங்கள். அழிக்க வேண்டாம். செவ்வாயோ புதனோ, சாப்பிட்டு முடித்து உடம்பு அமைதியாக இருக்கிற ஒரு மாலையில் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நாலு வாரம் இப்படிச் செய்யுங்கள். இரண்டு யானையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும். ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன, இதற்கு நேரம் இருக்கிறது.

அந்த நாலு வாரத்துக்குள் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். தூக்கமில்லாமல் எடுக்கிற எந்த முடிவையும் நான் நம்ப மாட்டேன். அங்கேயே ஒரு மருத்துவரைப் பார்த்து நெஞ்செரிச்சலைச் சொல்லுங்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். மன உளைச்சல்தான் காரணம் என்று நானோ நீங்களோ ஊகிக்கக் கூடாது. இருதயத்திலிருந்து வருவதும் சில சமயம் நெஞ்செரிச்சல் மாதிரியே இருக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பட்டியலில் உங்கள் மனைவியைப் பற்றி நாலு வரி இருக்கிறது. 'அவளுக்குக் கஷ்டம்', 'அவள் சமாளித்துக்கொள்வாள்', 'அவளுக்குத் துணை வேண்டும்', 'அவளுக்கு நகை மீட்டுத் தர வேண்டும்'. நாலும் நீங்கள் சொன்னது. அவர் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. நற்றிணைப் பாட்டிலும் அவள் பேசவில்லை, அவன் நெஞ்சமும் அறிவும் மட்டும்தான் பேசுகின்றன. அவனுக்கு அவளிடம் கேட்க வழியில்லை, அவளைவிட்டு வெகுதூரம் வந்திருந்தான். உங்கள் கையில் போன் இருக்கிறது.

மாலை ஏழு மணிக்கு நீங்கள் அழைத்தால் அங்கே ஒன்பதரை. குழந்தை தூங்கிவிட்டிருக்கும். அந்த நேரத்தில் அழைத்து, கடன் கணக்கும் பள்ளிக் கட்டணமும் பேசாமல், 'நான் வந்தால் உனக்கு எது நல்லது, எது பயம்?' என்று கேளுங்கள். முடிவை அவர் தலையில் கட்டுவதற்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். அவருக்கும் இரண்டு யானைகள் இருக்கும். நீங்கள் வர வேண்டும் என்று இருக்கும், வந்தால் என்ன ஆகுமோ என்றும் இருக்கும். நாலு பேர் சொல்லப்போகிற வார்த்தை உங்களைவிட அவர் காதில்தான் முதலில் விழும், அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்றும் கேளுங்கள். உங்களிடம் இருக்கிற அந்த 44-வது வரியையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். மச்சானிடம் சொல்ல வேண்டியதில்லை.

நாலு வாரம் கழித்து, அந்தக் கடிதங்களோடும் அவர் சொன்ன பதிலோடும் எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.